காதலுக்கு ஓர் இடம்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் கதையில் புருசனும் பொண்டாட்டியும் வாயைத் திறந்தாலே நாடகமாகிவிடுகிறது. என்ன செய்வதுங்க?"

பாத்திரம், வசனம் பற்றியெல்லாம் அவருக்கே தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த இருவரும் தனியாக இருக்க எங்கே போவார்கள்?

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' (2010) நாவலைப் பாருங்கள். திருச்செங்கோட்டு வட்டாரத்துக் காளிக்கும் பொன்னாவுக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசமாகியும் குழந்தையில்லை. சொந்தபந்தம் முழுக்க அவர்கள் நடுவில் புகுந்து பேசுகிறது. நாவலாசிரியர் அவர்களுக்குத் தொண்டுப்பட்டியைக் கொடுக்கிறார். மாடு கட்டிய பட்டி அது. காவலுக்குக் காளி அங்கே படுக்கிறான். என்னை விடாமல் ஈர்ப்பது இதுதான்: இருவரையும் நெருங்கவைக்கிற அதே பட்டிதான், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சிக் காளி ஒதுங்கும் இடமாகவும் ஆகிறது. நெருக்கமும் விலகலும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் அவர்களுடைய அன்பை நம்ப முடிகிறது.

'பூக்குழி'யில் (2013) சாதி தாண்டி மணந்த குமரேசனும் சரோஜாவும் வாழ்வது பாறைமேல் ஒரு குடிசையில். மறைவென்பதே இல்லை. ஊரின் வெறுப்பு வாசல்வரை வந்து நிற்கும்போது காதல் எவ்வளவு சின்னக் குரலில் பேச வேண்டியிருக்கிறது!

இடம் சரியாக அமைந்துவிட்டால் பேச்சு தானே குறையும். எங்கள் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டுவார். அமுச்சி, அவர் மனைவி, தோட்டத்தின் அந்தக் கோடியில் மடை திருப்புவார். வாய்க்காலில் தண்ணீர் வருகிற வரத்தைப் பார்த்தே அப்பிச்சி கோபமாக இருக்கிறாரா, களைத்துவிட்டாரா என்று அமுச்சி சொல்லிவிடுவார். நல்ல காதல் வசனத்துக்கும் அவ்வளவு தூரமும் அவ்வளவு பழக்கமும் வேண்டும்.

இன்றைய திருப்பூரில் மனைவிக்குப் பனியன் கம்பெனியில் பகல் ஷிப்ட், கணவனுக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். ஒற்றை அறை லைன் வீட்டில் பிள்ளைகளும் மாமியாரும். அவர்கள் எப்போது பேசிக்கொள்கிறார்கள்? இதைக் கேட்காமல் சினிமாவிலிருந்து மழையையும் காபி ஷாப்பையும் கடன் வாங்குகிறோம். நம்மைச் சுற்றி உழைத்துக்கொண்டே ஒருவரையொருவர் நேசிப்பவர்களுக்கு நாம் செய்யும் அநீதி இது.

ஆகவே, அம்மணி, முதலில் அந்த வீட்டைத் தாளில் வரையுங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, யார் எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று குறியுங்கள். வசனத்தை அதற்குப் பிறகு எழுதலாம்.