குதிரைப் பயிற்சி: படியும் பதிவும்

திருப்பதிக்கு அருகிலுள்ள திருமலையில், பிரம்மோற்சவ வாகனங்களுக்கு முன்னே நடக்கும் குதிரை மேளத்துக்கும் கூட்டத்துக்கும் மிரளக் கூடாது. அந்தப் பக்குவம் படிப்படியாகத்தான் வரும். முதலில் தலைக்கயிறு கட்டி ஆளோடு நடக்கப் பழக்குவார்கள். அடுத்து, நீண்ட கயிற்றில் பிடித்துச் சுமார் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருபுறமும் ஓடவிடுவார்கள். பிறகு சேணம், கடிவாளம். கடைசியில் ஆள் ஏறுவது. ஓசைக்குப் பழக்க, மேளத்தைத் தொலைவில் அடித்து நாளடைவில் அருகே கொண்டுவர வேண்டும்.

லாயக் குறிப்பேட்டில் தேதி, பயிற்சி நேரம், எந்தப் பக்கம் முரண்டு பிடித்தது, எதற்குக் காதைப் பின்னால் மடித்தது என்பவற்றை அன்றன்றே எழுதுவது நல்லது. சில நாள் தொடர்ந்து அமைதியாகச் செய்தால் மட்டுமே அடுத்த படி. மிரண்டால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும். அவசரத்தில் தாண்டிய படியைத் திருத்தக் கூடுதல் நாள் பிடிக்கும்.