பச்சை புல்லட்டுக்கு என்ன ஊத்தலாம்?

தாத்தா பட்டாளத்து ஏலத்துல எடுத்த பச்சை கலர் புல்லட் உங்க வீட்டுக் கொட்டகையில தூங்குதா? செமஸ்டர் லீவுல தூசி தட்டி, காரைக்கால் பீச் ரோட்டுல 'டப்... டப்...'னு ஒரு ரவுண்டு போக ஆசையா? சூப்பர்! ஆனா, பங்க்குக்குப் பறக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாஸ்!

முதல்ல கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். எல்லைக் காவலுக்காக 1950-களின் முதல் பாதியில் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் 800 வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1955-ல் இங்கிலாந்து கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோக்க, புல்லட் நம்ம திருவொற்றியூர் பிள்ளையாயிடுச்சு.

'பழைய வண்டிக்கு பவர் பெட்ரோல்தான் போடணும்'னு ஃப்ரெண்ட்ஸ் அடிச்சு விடுவாங்க. நம்பாதீங்க. பழைய புல்லட்டோட கம்ப்ரஷன் ரேஷியோ சுமார் 6.5-க்கு 1. இதுக்குக் குறைந்த ஆக்டேனே தாராளம். இன்னிக்கு சாதா பெட்ரோலே 91-க்குக் குறையாது. பாக்கெட் மணியை மிச்சம் பண்ணுங்க!

'ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வைத் தின்னுடுமே?' 2000-லேயே நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தியாச்சு. நிதானமா ஓட்டினா பெரிய தொல்லை இல்லை. வால்வு இடைவெளி அடிக்கடி குறையுதான்னு மட்டும் மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்க.

நிஜ வில்லன் எத்தனால். இப்போ பங்க்குகள்ல வர்றது பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் டியூப், வாஷரை அது ஊற வெச்சு வெடிக்க விடும். சொட்டுற பெட்ரோல் சூடான எஞ்சின் மேல விழுந்தா... தீதான்! இன்னொண்ணு, எத்தனால் தண்ணியை இழுக்கும். நம்ம ஊர் கடல் காத்துல அரை டேங்க்கோட மாசக்கணக்கா நிறுத்தினா, தண்ணி அடியில தங்கி டேங்க் துருப்பிடிக்கும்.

கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? அளவுக் குழாயில 10 மில்லி தண்ணி, 90 மில்லி பெட்ரோல் ஊத்திக் குலுக்கி வைங்க. அடியில நிக்குற தண்ணி 10-ஐத் தாண்டினா, கூடினதெல்லாம் எத்தனால். 20 சதவிகிதக் கலப்புன்னா கிட்டத்தட்ட 28 மில்லி வரும். பக்கத்துல நெருப்பு கூடாது. மூடியை அப்பப்போ தளர்த்தி விடுங்க. சோதிச்ச பெட்ரோலைத் திரும்ப டேங்க்குல ஊத்தவும் கூடாது!

சரி, என்ன செய்யலாம்?

* எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைச்சா அதுதான் பெஸ்ட். ஆக்டேன் அதிகம்னா எத்தனால் இல்லைன்னு அர்த்தமில்லை. பங்க்குல கேட்டுப் போடுங்க.

* கிடைக்கலையா? டியூப், வாஷர் எல்லாத்தையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்துங்க.

* எத்தனால் கலந்தா எஞ்சினுக்குப் பெட்ரோல் பத்தாம சூடேறும். கார்ப்ரேட்டர்ல மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசாக்கலாமான்னு மெக்கானிக்கிட்ட கேளுங்க.

* ஓட்டி முடிச்சதும் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானா நிக்குற வரைக்கும் விடுங்க. கார்ப்ரேட்டர் காலியாகிடும். ரொம்ப நாள் நிறுத்துறதா இருந்தா டேங்க்கையும் வடிச்சிடுங்க.

வாஞ்சூர் எல்லையைத் தாண்டி வந்து நம்ம ஊர்ல டேங்க்கை ரொப்பிட்டுப் போறவங்க உண்டு. விலை குறைவுங்கிற சந்தோஷம் அவங்களுக்கு. உங்களுக்கு அது மட்டும் போதாது. தாத்தா தோள் கொடுத்துத் தள்ளின வண்டி... ஒரு பழைய டியூப்பால கருகிடக் கூடாதில்ல? முதல்ல டியூப்பை மாத்துங்க. அப்புறம் உதைங்க கிக்கரை!