தேயிலை மலையில் ஓர் இரவு: நட்சத்திரங்களும் சிறுத்தையும்



கடந்த டிசம்பர் விடுமுறையில் டிக்கோயாவிலுள்ள மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டின் பின்மதிலுக்கு அப்பால் தேயிலை மலை. அதற்கு மேலே சிறு காடு. ஓரிரவு எட்டு மணியளவில் மின்சாரம் தடைப்பட்டது. முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஹட்டன் நகரின் விளக்குகளுக்கிடையே ஒருநாளும் காணாத அளவுக்கு நட்சத்திரங்கள்! நானாவின் கமெராவை எடுத்துக்கொண்டு மதில் கதவைத் திறக்கப் போனேன். "நில்லு மகள், இருட்டினபிறகு அந்தப் பாதை புலிக்குரியது" என்றார் மாமா. தோட்டத்தில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள்.

கதவு திறக்கப்படவில்லை. முற்றத்திலிருந்தே படம் எடுத்தோம். அன்று கற்றவற்றை உங்களோடு பகிர்கிறேன்.

நட்சத்திர ஒளி மிக மங்கலானது. அதனால் கமெராவின் கதவைப் பல செக்கன்கள் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதிக நேரம் திறந்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுபடும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு: 500 ஐ வில்லையின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 24 மில்லிமீற்றர் வில்லையென்றால் ஏறத்தாழ 20 செக்கன். சிறிய உணரியுள்ள கமெராவில் இன்னும் குறைக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 1600 முதல் 3200 வரை போதும். கமெராவை முக்காலியில் வைத்து, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தில் கையால் குவியப்படுத்தி, கை அதிராமலிருக்க டைமரைப் பயன்படுத்த வேண்டும். மலைநாட்டுப் பனி வில்லையில் படியும். மெல்லிய துணியால் அடிக்கடி ஒற்றி எடுங்கள்.

எந்த இரவு நல்லது? ஹிஜ்ரி மாதத்தின் கடைசி இரவுகள். பிறை தென்படுவதற்கு முந்திய அந்த நாட்களில் இரவு முழுவதும் நிலவொளி அநேகமாக இராது. மலைநாட்டில் ஜனவரி முதல் மார்ச் வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். பெப்ரவரி, மார்ச்சில் தஹஜ்ஜுத் தொழ எழுபவர்கள் தென்கிழக்கைப் பார்த்தால், பால்வீதியின் மையப்பகுதி எழுவதைக் காணலாம்.

எங்கள் படத்தில் கார்த்திகைக் கூட்டமும், அதன் பின்னால் செந்நிற ரோகிணியும் விழுந்திருந்தன. ரோகிணியை உலகம் 'அல்தபரான்' என்கிறது. 'பின்தொடர்பவன்' என்று பொருள்படும் அரபுப் பெயர் அது. கார்த்திகையைத் தொடர்ந்து வருவதால் அப்பெயர்.

இனி, கீழே நடமாடுபவரின் கதை. இலங்கைச் சிறுத்தை நம் நாட்டுக்கே உரிய உப இனம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அழிவாபத்துக்குள்ளாகக்கூடியதாக இடம்பெற்றுள்ளது. தோட்டங்களுக்கிடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளும் ஓடைக்கரைகளும் அதன் பாதைகள். காட்டுப்பன்றி, கேளையாடு, முள்ளம்பன்றி போன்றவை அதன் இரை. சிலவேளை நாய்களையும் பிடிக்கும்.

அதைப் படமெடுக்க நாம் காத்திருக்கத் தேவையில்லை. டிக்கோயா, காசல்ரிப் பகுதிகளில் ஆய்வாளர்கள் தானியங்கிக் கமெராக்களை மரங்களில் கட்டி வைக்கிறார்கள். உடல்வெப்பம் அசைவதை உணரும் கருவி அதற்குள் இருக்கிறது. நம் கைரேகையைப் போலவே ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிகளும் வேறுபடுவதால், படத்தைக் கொண்டே இன்னது இன்ன சிறுத்தை என அறிகிறார்கள்.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிதான கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் சிக்கி, சில நாட்களில் இறந்தது. பெரும்பாலும் மரக்கறிப் பயிரைக் காக்கக் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படும் சுருக்கு, யார் கழுத்து என்று பார்ப்பதில்லை.

ஆகவே, படமெடுக்க ஆசைப்படும் தோழியர் இவற்றை மறவாதீர்கள்: தனியாகப் போகாதீர்கள், வீட்டு முற்றமே போதும். தேயிலைச் செடிகளிடையே குனிந்து அமராதீர்கள். உணவுக் கழிவைக் கொட்டாதீர்கள். அது பன்றியையும் நாயையும், அவற்றின் பின்னே சிறுத்தையையும் அழைக்கும். சிவப்புத் தாள் சுற்றிய டோர்ச் பாவியுங்கள். இருளுக்குப் பழகிய கண் அதனால் அதிகம் கூசாது. சிறுத்தையைக் கண்டால் ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள்.

அன்றிரவு மூன்றாவது படத்துக்குக் காத்திருந்தபோது, விடாமல் குரைத்த பக்கத்து வீட்டு நாய் சட்டென அடங்கி வாங்கின் கீழே நுழைந்தது. மாமா ஒன்றும் பேசாமல் எங்களை உள்ளே அழைத்தார். காலையில் மதிலுக்கு வெளியே ஈரமண்ணில் கால்தடங்கள் இருந்தன. நாயின் தடத்தில் நகக்குறி பதியும். இதில் நகக்குறி இல்லை. சிறுத்தை நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும் என்றார் மாமா.

அந்தத் தடத்தைத் தாண்டித்தான், கூடையோடு இரண்டு அக்காமார் கொழுந்து பறிக்க ஏறிக்கொண்டிருந்தார்கள். மாமா அவர்களைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினார். "தெரியும் ஐயா, சத்தமா பேசிக்கிட்டே போவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். எனக்கு அது ஓரிரவுப் படம். அவர்களுக்கோ நாளாந்தப் பாதை. அந்த அக்காமாரும் சிறுத்தையும் ஒருவருக்கொருவர் தீங்கின்றி வாழ அல்லாஹ் அருள்புரிவானாக. சுருக்குக் கம்பியைக் கண்டால் பெரியவர்களிடம் சொல்லி, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதாவது நம்மால் முடியும்தானே?