இருக்கன்குடிக்கு எந்த டிரெய்லர்?

ஆடிக் கடைசி வெள்ளி நெருங்கினால் இருக்கன்குடிச் சாலையெங்கும் வண்டிகள்தான். சாத்தூருக்கு அருகே, அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்து மாரியம்மனைப் பார்க்க வரும் குடும்பங்கள் பல, அங்கேயே தங்கிப் பொங்கல் வைத்துத்தான் ஊர் திரும்பும். முன்பு கூண்டு வண்டி கட்டி வந்தார்கள். உள்ளே வைக்கோல் பரப்பி மேலே ஜமக்காளம். அடியில் தொங்கும் சாக்கில் மாட்டுக்குத் தீவனம். இன்று டிராக்டர் டிரெய்லர்.

எதை எடுப்பது? இரண்டு சக்கர டிரெய்லர் குறுகிய தெருவில் திரும்பும், பின்னால் எடுப்பதும் எளிது. ஆனால் பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் இறங்கும். தண்ணீர் டிரம், அரிசி மூட்டை எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கும். நிறையச் சாமான் என்றால் அதுவே நல்லது. பின்னால் எடுக்க மட்டும் கைதேர்ந்த ஓட்டுநர் வேண்டும்.

கொக்கிப் பின், பாதுகாப்புச் சங்கிலி, பின்புறச் சிவப்பு ஒளிர்பட்டை மூன்றையும் புறப்படும் முன் பாருங்கள். நம் சிவகாசிப் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று: சமையல் சிலிண்டர் ஏற்றிய வண்டியில் பட்டாசுப் பெட்டி கூடவே கூடாது.

டிரெய்லர் சரக்குக்கு மட்டுமே. ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். சாமானை டிரெய்லரில் அனுப்புங்கள். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பேருந்தில் அழைத்துச் செல்லுங்கள்.