கூடைச் சுமையும் நரம்பு நோவும்

ஹற்றனிலிருந்து நுவரெலியா நோக்கிச் செல்லும் பாதையின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் தேயிலை மலைகளைக் கண்டு களியாதார் இலர். அம்மலைச் சரிவில் முதுகிற் கூடையுடன் நிற்கும் பெண்களைப் படம் பிடித்துச் செல்வாரும் பலர். அக்கூடையின் கயிறு தலையிற் கிடப்பதையும், அதன் பாரம் கழுத்தின் வழியே முதுகெலும்பில் இறங்குவதையும் எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. இம்மலர் பழைய மாணவர் கைக்கும், இன்று பயில்வோர் கைக்கும் ஒருங்கே செல்வது. அவருட் கூடை சுமந்த அன்னையரின் மக்களும் உளர். ஆதலின், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நாட்பட்ட நரம்பு நோவைப் பற்றியும், அதனைக் கைத்திறத்தால் தணிக்க முயலும் கைரோபிரக்டிக் முதலிய முறைகளைப் பற்றியும் ஈண்டுச் சிறிது விளக்க முனைகின்றேன்.

முதலில் நோவின் இடத்தை அறிவோம். வளர்ந்தவரின் முதுகந்தண்டில் தனித்தனியே அசையும் முள்ளெலும்புகள் 24 உள. கழுத்தில் 7, மார்பின் புறத்தில் 12, இடுப்பில் 5 என அவை அமைந்துள்ளன. அவற்றின் இடையிடையே மெத்தை போன்ற வட்டுகள் உண்டு. வட்டின் வெளிப்புறம் வலிய நாரினாலும், உட்புறம் பசைபோன்ற பொருளாலும் ஆனது. முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றுள் இடுப்பின் கீழ்ப்பகுதியில் எழும் சில வேர்கள் ஒன்றுகூடி, விரற்பருமனுள்ள ஒரு நரம்பாகிப் பிட்டத்தின் வழியே தொடையின் பின்புறமாக இறங்குகின்றன. உடலிலுள்ள நரம்புகளுள் இதுவே மிகப் பருத்தது. வட்டின் நார் தளர்ந்து உட்பொருள் பிதுங்கி இந்நரம்பின் வேரை அழுத்துமாயின், நோவு இடுப்பில் நில்லாது மின்னல்போற் பாதம் வரை பாயும். விறைப்பும் எரிவும் உடன் தோன்றும். மேலைநாட்டு வைத்தியர் இதனைச் சயாற்றிக்கா என்பர். ஆயுர்வேத நூல்கள் கிருத்ரசி என்னும். கிருத்ரம் என்பது கழுகு. நோயாளி கழுகைப்போலக் காலை இழுத்து நடத்தலின் அப்பெயர் வந்தது. வட்டுப் பிதுக்கமே இந்நோய்க்கு முதன்மையான காரணம் என்பதை 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மிக்ஸ்ரர், பார் என்னும் இரு வைத்தியர் நிறுவிக் காட்டினர்.

இனி, இந்நோவுக்கும் தோட்ட வேலைக்கும் உள்ள தொடர்பை நோக்குவோம். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள் முதலாக எத்தனையோ மாற்றங்கள் வந்தன. மூங்கிற் கூடைக்குப் பதிலாகப் பல இடங்களில் நைலோன் பை வந்துவிட்டது. எனினும் கயிற்றைத் தலையில் மாட்டிப் பாரத்தை முதுகிலே தொங்கவிடும் வழக்கம் பெரிதும் மாறவில்லை. ஒரு பேர் பெறுவதற்குப் பல தோட்டங்களில் 16 முதல் 20 கிலோ வரை கொழுந்து பறித்தல் வேண்டும். கூடை நிறைய நிறையக் கழுத்தின் தசைகள் இறுகுகின்றன. உடல் முன்னே சாய்கிறது. மலைச் சரிவிலே ஒரு கால் மேலும் மற்றைக் கால் கீழுமாக நின்று, கைகள் மட்டும் ஓயாது இயங்குகின்றன. நிற்கும் ஒருவரின் இடுப்பு வட்டில் ஏறும் அழுத்தத்தை 100 எனக் கொண்டால், முன்குனியும்போது அது 150 ஆகும் என்றும், மல்லாந்து படுக்கும்போது 25 ஆகக் குறையும் என்றும் சுவீடன் நாட்டு வைத்தியர் நக்கெம்சன் அளந்து காட்டினார். பாரமின்றி நிற்பவருக்கே இக்கணக்கு. கூடையைச் சுமந்து மடுவத்துக்கு இறங்கும் பெண்ணுக்கும், கவ்வாத்து வெட்டும் ஆணுக்கும், முள்ளுக் குத்துபவருக்கும், மருந்துத் தொட்டியை முதுகில் ஏற்றுபவருக்கும் சுமை எத்துணை என்பதைப் படிப்போர் உய்த்துணர்க.

லயங்களில் இந்நோவுக்கு வழங்கும் பெயர் வாயுப் பிடிப்பு என்பதாம். அதற்கு முதலில் நாடுவது எண்ணெய். அடுத்துச் சுளுக்கெடுப்பவரின் கை. காலாற் பிறந்தவர் முதுகில் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்னும் நம்பிக்கையும் நம்மவரிடை நெடுங்காலமாக உண்டு. இவற்றையெல்லாம் அறியாமை என ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுதல் தகாது. சித்த வைத்தியத்திலே தொக்கணம் என்பது புறமருத்துவங்களுள் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதன் வகை ஒன்பது. ஆகவே, கையால் எலும்பு மூட்டையும் தசையையும் இயக்கி நோவைத் தணிக்கும் கருத்து நமக்குப் புதிதன்று.

மேலைநாட்டில் இக்கருத்தைத் தனியொரு தொழிலாக்கியவர் டானியேல் டேவிட் பாமர் என்பவர். கனடாவிற் பிறந்த இவர் பள்ளி ஆசிரியராகவும், பலசரக்கு வணிகராகவும், காந்தச் சிகிச்சை செய்பவராகவும் வாழ்ந்தவர். 1895ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில், காது கேளாத ஹாவி லில்லாட் என்பவரின் முதுகெலும்பை அழுத்திக் கேள்விப்புலனை மீட்டதாக அவர் கூறினார். இரண்டு ஆண்டுகளின் பின் ஒரு கல்லூரியையும் தொடக்கினார். கை, செய்கை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே கைரோபிரக்டிக் என்னும் பெயர். நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முள்ளெலும்பு இடம்பெயர்தலால் வருவன என்று பாமர் எழுதினார். அக்கூற்றை விஞ்ஞானம் ஏற்கவில்லை. ஆயின், முதுகு நோவுக்கு அவர் வழியினர் செய்யும் சிகிச்சை ஓரளவு பயன் தருவதென்பது பிற்கால ஆய்வுகளால் விளங்கிற்று. ஒருவர் கூறிய காரணம் பிழையாயிருந்தும் அவர் கைச்செயல் பயனுடையதாதல் வைத்திய வரலாற்றில் அரிதன்று.

அப்பயன் எத்துணைத்து? 2006இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், வட்டுப் பிதுங்கிக் கால்நோவு கண்ட 102 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். உண்மைச் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 55 பேருக்குக் கால்நோவு முற்றாக நீங்கியது. போலிச் சிகிச்சை பெற்றோருள் 20 பேருக்கே நீங்கியது. இதனைக் கேட்டு மகிழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. அவர்கள் அண்மையில் நோயுற்றவர்கள். ஆண்டுக்கணக்கில் நோவைச் சுமந்தவர் அல்லர். குறித்த காரணம் புலப்படாத நாட்பட்ட இடுப்பு நோவு பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பரில் வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, முதுகெலும்பைக் கையால் இயக்குதல், உருவுதல், மனத்துக்கான துணை ஆகியவற்றை அது ஏற்கின்றது. இடுப்புப் பட்டியையும், உடலை இழுத்துக் கட்டும் முறையையும் அது பரிந்துரைக்கவில்லை. மருந்துக் கடையிற் பட்டி வாங்கிக் கட்டுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

கைபேசிக் காணொளிகளைக் கண்டு இளைஞர் வியக்கும் ‘டக்’ என்னும் ஓசையைப் பற்றியும் ஒரு சொல். விலகிய எலும்பு இடத்தில் அமர்ந்ததன் அறிகுறி அதுவெனப் பலர் நம்புகின்றனர். மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்தில் வாயுக்குமிழ் தோன்றும்போது அவ்வோசை எழுகின்றது என்பதைக் கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தார் 2015இல் விரல் மூட்டைப் படமெடுத்துக் காட்டினர். ஓசை எழுந்தமையால் நோய் தீர்ந்தது என்பதும் இல்லை. எழாமையால் சிகிச்சை பழுதாயிற்று என்பதும் இல்லை.

கைச்சிகிச்சைக்கு உரிய நோவு எது, உரியதல்லாதது எது என்று பகுத்தறிதலே இங்கு உயிர்நிலையானது. இரு பாதங்களும் ஒருங்கே எரிந்து விறைக்குமாயின் அது நீரிழிவால் வந்த நரம்புத் தேய்வாக இருக்கலாம். முதுகை அழுத்துவதால் அது தீராது. முதுகு நோவுடன் காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டால் முதுகெலும்பிற் காசநோயோ வேறு கொடிய நோயோ உண்டா என ஆராய வேண்டும். எலும்பு தேய்ந்த முதியவளின் முதுகை மிதித்தால் எலும்பு முறியும். கழுத்தை வெடுக்கெனத் திருகுவதால் மூளைக்குச் செல்லும் நாடி கிழிந்து பாரிசவாதம் வருதல் அரிது; எனினும் அவ்வாறு நேர்ந்த செய்திகள் பதிவாகியுள்ளன. பல்லாண்டு கூடைக்கயிறு தாங்கிய கழுத்தை அறியாதவர் கையில் ஒப்புவித்தல் ஒருபோதும் ஆகாது. எல்லாவற்றினும் மேலாக, சிறுநீரோ மலமோ தன்வயமின்றிப் போதல் அல்லது அடைபடுதல், தொடையிடுக்கு மரத்துப்போதல், பாதம் தொங்கிவிடுதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். எண்ணெய் பூசி மறுநாள் வரை பொறுத்தால் ஒரு பெண் தன் வாழ்நாள் முழுதும் காலின் வலிமையை இழக்க நேரும்.

இத்தகைய ஆபத்தான குறிகள் இல்லாதவருக்கு நம்பிக்கை உண்டு. புதிதாகக் கண்ட கால்நோவு பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிகின்றது. பிதுங்கிய வட்டும் பலருக்குத் தானே சுருங்குகின்றது. படுத்த படுக்கையாகக் கிடத்தல் நன்றன்று. இயன்ற அளவு நடத்தலும், வெந்நீர் ஒற்றடமும், பிசியோதெரப்பி பயின்றவர் கற்பிக்கும் பயிற்சியும் துணைபுரியும். டிக்கோயாவில் 2017ஆம் ஆண்டு இந்திய உதவியுடன் 150 கட்டில்களோடு திறக்கப்பட்ட கட்டிடம் போன்ற வசதிகள் மலையகத்துக்கு வந்துள்ளன. ஆயினும் வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில் அன்றைய பேர் போகின்றது. அதனை அஞ்சியே நம் தாய்மார் நோவை வாய்விட்டுச் சொல்வதில்லை.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் நோயை அறிவதோடு நில்லாது அதன் மூலத்தையும் ஆராயச் சொல்கின்றது. இந்நோயின் மூலம் சுமையில் இருக்கின்றது. எத்துணைத் தேர்ந்த கை தடவினாலும், மறுநாட் காலையில் அதே கயிறு அதே தலையில் ஏறுமாயின் நோவு மீண்டும் வரும். கொழுந்தை அடிக்கடி நிறுத்தெடுத்துக் கூடையை இலகுவாக்கல், பாரத்தைத் தோளிலும் இடுப்பிலும் பகிர்ந்து தாங்கும் வார்களை அமைத்தல், மடுவத்தை மலைக்கு அண்மையில் வைத்தல் ஆகியன பெரும்பொருள் வேண்டாத செயல்கள். தோட்ட நிருவாகத்திலும் தொழிற்சங்கங்களிலும் பணிபுரியும் பழைய மாணவர் இவற்றை எடுத்துரைக்கலாம். வைத்தியராய் விளங்குவோர் ஓய்வுநாள் ஒன்றில் தோட்டத்துக்கு வந்து, ஆபத்தான குறிகளை நல்ல தமிழில் விளக்கலாம். மாணவர்காள்! நீங்கள் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் அன்னையிடம், ‘அம்மா, காலில் விறைப்பு இருக்கிறதா?’ என்று கேளுங்கள். கேட்பவர் இல்லாமையாலேயே சொல்லப்படாத நோவுகள் நம் மலைகளில் மிகப் பல.