திருத்தம் வெளியாகிறது; தொலைபேசியை வந்தடைவதில்லை

களுபோவில வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காத்திருப்போர் கைகளில் காணப்படும் அன்ரொயிட் கையடக்கத் தொலைபேசிகள் யாவும் லினக்ஸ் எனும் மென்பொருளின் மையப்பகுதியான 'கெர்னல்' மீதே இயங்குகின்றன. நினைவகத்தின் எப்பகுதியையும் வாசிக்கவும் எழுதவும் கெர்னலுக்கு அதிகாரம் உண்டு. ஏனைய செயலிகளுக்கு அவரவர் எல்லை மட்டுமே.

செயலியொன்று கெர்னலிடம் உதவி கோரும்போது, விடையை எழுத வேண்டிய நினைவக முகவரியையும் சேர்த்தே கொடுக்கிறது. அந்த முகவரி செயலியின் எல்லைக்குள் உள்ளதா எனப் பரிசோதித்த பின்னரே கெர்னல் எழுத வேண்டும். பரிசோதனை தவறினால், வஞ்சகச் செயலி கெர்னலுக்குரிய முகவரியையே கொடுத்துவிடும். எல்லா அறைகளின் திறப்பையும் வைத்திருக்கும் காவலாளி, வழிப்போக்கன் சுட்டிய அறையை யாருடையதெனக் கேளாமல் திறந்துவிடுவதற்கு ஒப்பானது இது. செயலி தனது அதிகாரத்தையே உயர்த்திக்கொண்டு தொலைபேசி முழுவதையும் கைப்பற்றலாம்.

இது கற்பனையல்ல. 2017 செப்டெம்பரில் வெளியான லினக்ஸ் 4.13 பதிப்பில், 'வெயிட்ஐடி' எனும் அழைப்பை வேகப்படுத்தும் முயற்சியில் இப்பரிசோதனை விடுபட்டுப்போனது. அடுத்த மாதமே ஒருசில வரிகளைச் சேர்த்துத் திருத்தினார்கள். இத்தகைய தவறுகளுக்கு நெடுங்காலம் இடமளித்துவந்த, முகவரி எல்லையையே தற்காலிகமாகத் தளர்த்தும் 'செற்_எவ்எஸ்' எனும் பழைய ஏற்பாடும் 2022 இல் வெளியான 5.18 பதிப்போடு முற்றாக அகற்றப்பட்டது. நிரலாளர் தரப்பில் குறை கூறுவதற்கு அதிகமில்லை.

எமது கவலை வேறு. ஏஆர்எம் சில்லுகளில் இயங்கும் லினக்ஸில் இதே வகைத் தவறொன்று 2012 இல், 3.5.5 பதிப்பில் திருத்தப்பட்டது. ஆயினும் 2013 ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அன்ரொயிட் தொலைபேசிகள் அதே ஓட்டையினூடாகத் தாக்கப்பட்டன. மருந்து தயாராகி ஓராண்டு கழிந்தும் நோயாளியிடம் சேரவில்லை! மூலநிரலில் செய்யப்படும் திருத்தத்தைச் சில்லு உற்பத்தியாளரும் தொலைபேசி நிறுவனமும் தத்தம் பதிப்பில் சேர்த்து அனுப்பினால் மட்டுமே அது பாவனையாளரை அடையும். விலை குறைந்த, பழைய மாதிரிகளைப் பொறுத்தவரை அந்தச் சங்கிலி விரைவில் அறுந்துபோகிறது. அவற்றை வாங்குவோரே அதே தொலைபேசியில் வங்கிக் கணக்கையும் வைத்திருக்கின்றனர்.

பாதுகாப்புத் திருத்தங்கள் எத்திகதி வரை கிடைக்கும் என்பதை உற்பத்தியாளர் அறிவித்தாக வேண்டுமென்ற சட்டம் 2024 ஏப்ரலில் பிரித்தானியாவில் நடைமுறைக்கு வந்தது. இங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு, தொலைபேசிகளுக்கு அனுமதி வழங்கும்போது அத்திகதியைப் பெட்டியின் மீது மும்மொழிகளிலும் அச்சிடுமாறு கோரலாம். வாங்குபவர் விலையோடு அதனையும் பார்த்துக்கொள்வார்.