செட்டிநாட்டில் வயதுப் பிரிவுகளும் மின்னணு ஊடகப் பயன்பாடும்: பள்ளத்தூரை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இளையோர் மின்னணு ஊடகத்தில் இயல்பாகத் தேர்ந்தவர்கள், முதியோர் பின்தங்கியவர்கள் என்பது பரவலான கருத்தாகும். புலம்பெயர்வை வாழ்வியலாகக் கொண்ட செட்டிநாட்டின் பள்ளத்தூரை முன்வைத்து நோக்கும்போது, வயதைப் போலவே தேவை, மொழி, பிறரைச் சார்ந்திருத்தல் ஆகியனவும் இப்பயன்பாட்டைத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பள்ளத்தூர், நகரத்தார், வயதுப் பிரிவு, குரல்பதிவு, இடையாள்

முன்னுரை

மார்க் பிரென்ஸ்கி 2001ஆம் ஆண்டில் இளையோரை மின்னணு உலகின் பிறவிக்குடிகள் என்றும், மூத்தோரை அவ்வுலகில் வந்து குடியேறியவர்கள் என்றும் பகுத்தார். இப்பகுப்புக்குப் போதிய சான்றில்லை எனவும், ஒரே வயதினரிடையேயும் திறன் பெரிதும் வேறுபடுகிறது எனவும் பென்னட், மேட்டன், கெர்வின் ஆகியோர் 2008இல் மறுத்துரைத்தனர். குடியேற்றத்தையே வரலாறாகக் கொண்ட செட்டிநாடு இவ்விவாதத்தைத் தெளிவாக்கும் களமாகும்.

கடிதம் முதல் கைப்பேசி வரை

நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலேயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழிலை விரிவாக நடத்தினர். ஆடவர் கடல்கடந்து ஆண்டுக்கணக்கில் தங்கியபோது மகளிரும் முதியோரும் ஊரில் இருந்தனர். கடிதமே வணிகத்தையும் உறவையும் இணைத்தது. பின்னர்த் தந்தி, தொலைபேசி நிலையம், 1995இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம் எனக் கருவிகள் மாறின. 2016க்குப் பின் தரவுக் கட்டணம் வீழ்ந்ததால் காணொளி அழைப்பு எளிதாயிற்று. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆகவே, வளவு வீட்டில் அமர்ந்து வெளிநாட்டிலுள்ள பேரனிடம் பேசும் அப்பத்தாவின் கையில் உள்ள திறன்பேசி, பழைய தேவைக்கு அமைந்த புதிய கருவி எனலாம்.

வயதுப் பிரிவுகளின் பயன்பாடு

முதியோரின் பயன்பாடு பெரிதும் குரலையும் காட்சியையும் சார்ந்தது. தமிழை நன்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் தொடுதிரையில் தட்டச்சிடப் பழகாமையால் வாட்ஸ்அப் குரல்பதிவையே நாடுகின்றனர். எழுத்தறியாதோருக்கு முற்காலத்தில் கடிதத்தைப் பிறர் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. குரல்பதிவு அந்த இடையாளை நீக்கியது.

நடுவயதினர் இரு தலைமுறைகளுக்கும் பாலமாக உள்ளனர். பெற்றோரின் ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், 2016இல் அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்றம் ஆகியவை இவர்கள் பொறுப்பில் அமைகின்றன.

இளையோருக்குத் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டமும் (2011), பெருந்தொற்றுக்கால இணையவழி வகுப்பும் வழிதிறந்தன. எனினும் காணொளி காண்பதில் பெற்ற விரைவு, அரசுப் படிவத்தை நிரப்புவதிலோ பொய்ச்செய்தியை இனங்காண்பதிலோ தேர்ச்சியாக மாறிவிடுவதில்லை.

இங்கு மொழிசார்ந்த முரண் ஒன்று புலனாகிறது. தமிழ்99 விசைப்பலகை 1999இலேயே வகுக்கப்பட்டிருந்தும், மிகுதியாக எழுதும் இளையோரில் பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதுகின்றனர். வட்டாரச் சொல்வளம் மிக்க முதியோரோ எழுத்துப்பதிவின்றிக் குரலில் மட்டும் பேசுகின்றனர். உறவுமுறைச் சொற்கள், சடங்குச் சொற்கள், பழமொழிகள் ஆகியவை நாள்தோறும் பதிவாகி, நினைவகம் நிறைந்ததும் அழிக்கப்படுகின்றன.

மீண்டும் வந்த இடையாள்

உரையாடலில் நீங்கிய இடையாள் பணத்திலும் ஆவணத்திலும் மீண்டும் தோன்றுகிறார். ஓய்வூதியர் வாழ்நாள் சான்று 2014 முதல் ஜீவன் பிரமாண் வழியே மின்னணு முறையில் வழங்கப்படுகிறது. முதுமையில் தேய்ந்த கைரேகையைக் கருவி ஏற்காதபோதும், ஒருமுறைக் கடவுச்சொல் வரும்போதும் முதியவர் பிறரை நாடுகிறார். கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறிப் பழகிய இவ்வழக்கமே மோசடிக்கு வாயிலாகிறது. பணமோசடியை உடனே தெரிவிப்பதற்குரிய 1930 என்னும் உதவி எண்ணையும் முதியோர் அறிந்திருத்தல் வேண்டும்.

இச்சிக்கல் புள்ளிவிவரங்களில் முழுமையாக வெளிப்படுவதில்லை. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய பெண்கள் ஏறத்தாழ 33 விழுக்காடு. ஆண்கள் 57 விழுக்காடு. அவ்வாய்வு 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களையே வினவியது. வீட்டைத் தனித்துக் காத்துவரும் மூத்த பெண்கள் அக்கணக்கிலேயே இடம்பெறவில்லை.

முடிவுரை

வயது ஒரு கூறேயன்றி முழுக் காரணம் அன்று என்பது மேற்கண்டவற்றால் பெறப்படுகிறது. முதியோர் தமக்குத் தேவையானதை விரைந்து கற்கின்றனர். அயன்மொழியிலும் சிற்றெழுத்திலும் அமைந்த செயலிகளே அவர்களைச் சார்புநிலைக்குத் தள்ளுகின்றன. பள்ளத்தூரில் சீதாலட்சுமி ஆச்சி மகளிர் கல்லூரியும், அருகிலுள்ள காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகமும் அமைந்துள்ளன. இத்தகைய நிறுவனங்களின் தமிழ்த்துறை மாணவர்கள் முதியோருக்குப் பாதுகாப்பான பயன்பாட்டைக் கற்பித்து, அவர்தம் இசைவுடன் குரல்பதிவுகளை எழுத்தாக்கித் தொகுக்கலாம். அதனால் முதியோர் தற்சார்பு பெறுவர். வட்டார வழக்காய்வுக்கு மூலத்தரவு கிட்டும். இளையோரும் தமிழைத் தமிழெழுத்தில் எழுதப் பழகுவர்.